என் மாமியார் செத்த ஒத்திகை

செப்டம்பர் 3, செவ்வாய்

தினமும் எழுத வேண்டுமாம். உத்தரவு. பேரிடர் முன்னேற்பாட்டு நிதியின் முதல் தவணை இன்று எங்கள் சிப்பிக்கரையில் வந்து இறங்கியது. ஒரு சைரன், இரண்டு ஸ்ட்ரெச்சர், ஆரஞ்சு நிறத்தில் கையில்லாத சட்டைகள், தொப்பி, விசில், ஆளுக்கொரு டைரி. புயல் வந்தால் டைரியைத் தூக்கி எறிந்தா விரட்டுவது என்று கேட்டேன். தீயணைப்பு நிலையத்திலிருந்து பயிற்சி கொடுக்க வந்திருக்கும் ஜெபமணி சார் சிரித்துவிட்டு, "எழுதிப் பழகுங்கம்மா. நீங்கதான குழுத் தலைவி" என்றார்.

ஆமாம், நான்தான் தலைவி. பிரமசக்தி, கணவர் மந்திரமூர்த்தி மஸ்கட்டில். வடக்குத் தெருவுக்கும் தெற்குத் தெருவுக்கும் நடுவில் தனியாக நிற்கிற வீடு எங்களுடையது. அந்த ஒரே தகுதியில்தான் இரண்டு தெருக்காரர்களும் என்னை ஒப்புக்கொண்டார்கள். வேறு யாரைச் சொன்னாலும் ஒரு தெரு எழுந்து போய்விடும்.

விசிலை ஊதிப் பார்த்தேன். என்ன ஒரு சத்தம்! உள்ளேயிருந்து என் மாமியார் உலகம்மாள், "ஏட்டி பிரமு, பஸ்ஸு கிளம்பிட்டா?" என்று கேட்டாள்.

செப்டம்பர் 5, வியாழன்

விஷயம் இப்போதுதான் புரிகிறது. இந்தச் சட்டையும் தொப்பியும் சும்மா முன்பணம் மாதிரி. இரண்டாம் தவணைதான் தவணை. புயல் பாதுகாப்பு மையம், காங்கிரீட் கட்டடம், ஊரே உள்ளே போய் உட்காரலாம். இப்போது புயல் என்றால் பள்ளிக்கூடத்தில்தான் ஒதுங்குகிறோம். அந்தக் கூரை மழையில் வெளியே நிற்பதே மேல் என்று சொல்ல வைக்கும்.

ஆனால் கட்டடம் ஒன்றுதான். நாங்களும் வேம்படித்துறைக்காரர்களும் போட்டி. மாவட்டத்திலிருந்து ஒரு மேடம் வந்து ஒத்திகையைப் பார்ப்பார். சைரன் ஊதியதும் முக்கால் மணி நேரத்துக்குள் ஒரு வீடு பாக்கி இல்லாமல் ஊர் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும். வந்தால் கட்டடம் எங்களுக்கு. ஒரு வீடு வராவிட்டாலும் வேம்படித்துறைக்கு.

ஜெபமணி சார் ஊர் வரைபடத்தைச் சுவரில் ஒட்டினார். போன புயலில் வெளியே வர மறுத்த வீட்டுக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. ஊரிலேயே ஒரே ஒரு வட்டம். எல்லாரும் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

என் வீடுதான்.

செப்டம்பர் 6, வெள்ளி

ரசம் வைத்தேன். அத்தையிடம் பேச்சை எடுத்தேன். "இந்த வாசப்படிய விட்டு நான் இறங்க மாட்டேன். கடல் வேணும்னா உள்ள வரட்டு" என்றாள். ஏன் என்று கேட்டால் காரணம் கிடையாது. அப்பளம் இல்லையா என்று கேட்டாள்.

போன புயலிலும் இதே கதைதான். ஊரெல்லாம் போய்விட்டது, அவள் கட்டிலை விட்டு அசையவில்லை. நானும் போகவில்லை. அது வேறு காரணம். ஆடு கட்டியிருந்தது, அதை விட்டுவிட்டுப் போக முடியாது.

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்று அட்டைப் பாடம். ஒத்திகையில் சிலர் அடிபட்டவர்களாக நடிக்க வேண்டும். கழுத்தில் அட்டை தொங்கும். பச்சை என்றால் சிறு காயம், அவரே நடந்து வருவார். மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம். சிவப்பு என்றால் உயிர் ஊசலாடுகிறது, ஸ்ட்ரெச்சரில் முதலில் தூக்கு. கறுப்பு என்றால் முடிந்தது. கறுப்பைத் தூக்கி நேரத்தை வீணாக்கக் கூடாது, கிடந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

"சிவப்புக்கு யார் வரீங்க?" என்று சார் கேட்டதுதான் தாமதம். வடக்குத் தெரு தவசிமுத்து அண்ணாச்சி எழுந்து, "முதல்ல தூக்குறது எங்க தெரு ஆளாத்தான் இருக்கணும்" என்றார். தெற்குத் தெரு வைகுண்டம் அண்ணாச்சி துண்டை உதறினார். "போன கொடைக்கு முதல் திருநீறு உமக்குத்தானவே குடுத்தோம்? இந்தத் தடவ எங்க முறை."

"கொடை வேற, புயல் வேற."

"எதா இருந்தாலும் முறை முறைதான்."

ஜெபமணி சாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான்தான் விளக்கினேன். எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் முதல் திருநீறு எந்தத் தெருவுக்கு என்று அந்தக் காலத்தில் மண்டை உடைந்து, ஒரு வருஷம் அவர்களுக்கு, மறு வருஷம் இவர்களுக்கு என்று தீர்ப்பாகியிருக்கிறது. சார் தொப்பியைக் கழற்றிவிட்டு, "ஐயா, முதல்ல தூக்குறது மரியாதைக்கு இல்ல. சாகக் கெடக்குறவர" என்றார்.

"அதுலயும் முதல்ல நாங்கதான்" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே குரலில்.

செப்டம்பர் 11, புதன்

யாரும் சாகத் தயாராக இல்லை. கறுப்பு அட்டையைக் கையில் எடுத்தாலே ஆட்கள் தெரு மாறிப் போகிறார்கள். கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறது, வீட்டுக்காரி மாசமாக இருக்கிறாள், இன்றைக்கு அஷ்டமி. ஒருத்தன், "அக்கா, என்னைய மஞ்சள்ல போடுங்க, கால் மட்டும் ஒடிஞ்ச மாதிரி" என்று பேரம் பேசுகிறான்.

செப்டம்பர் 12, வியாழன்

கேட்டால் நம்ப மாட்டீர்கள். (யார் கேட்கப் போகிறார்கள்? டைரிதானே.) அத்தை சாகிறேன் என்கிறாள்!

நான் ஜெபமணி சாரிடம் போனில் புலம்பியதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். போனை வைத்ததும் கூப்பிட்டாள்.

"செத்தவளத் தூக்க மாட்டாவன்னு சொன்னல்ல?"

"ஆமா."

"கெடந்த எடத்துலயே விட்டுருவாவ?"

"ஆமா அத்தை."

"அப்போ நான் சாகுதேன். வீட்டுலயே கெடக்கலாம். வாசப்படி இறங்க வேண்டாம்." கொஞ்சம் பாக்கு போட்டு மென்றுவிட்டுச் சொன்னாள், "நான் செத்தா எவ எவ அழுவான்னு பாக்கணும்னு ரொம்ப நாளா ஒரு ஆசை."

எனக்குத் தலை கால் புரியவில்லை. கறுப்பு அட்டைக்கு ஆள் கிடைத்துவிட்டது. ஒரு வீடு பாக்கி என்ற பேச்சும் இல்லை, செத்தவர் கணக்கில் சேரமாட்டார் அல்லவா? ஒரே கல்லில் இரண்டு மாங்காய். சாரிடம் சொன்னேன். அவர் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். பிறகு, "மேடம் ஒத்துக்கிட்டா சரிதான்" என்றார். ஒத்துக்கொள்ளாமல் என்ன?

செப்டம்பர் 15, ஞாயிறு

என் மூளைக்கு ஒரு கும்பிடு. சிவப்புச் சண்டையைத் தீர்த்துவிட்டேன். வடக்குக்கு ஒரு சிவப்பு, தெற்குக்கு ஒரு சிவப்பு, இரண்டு ஸ்ட்ரெச்சர். நான் விசில் ஊதியதும் இரண்டு தெருவிலிருந்தும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும். யாரும் முதல் இல்லை, யாரும் இரண்டாவது இல்லை. அண்ணாச்சிமார் இருவரும் தாங்களே சிவப்பு அட்டை மாட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். வைகுண்டம் அண்ணாச்சி, "தங்கச்சி, நீ கலெக்டருக்குப் படிச்சிருக்கலாம்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மஸ்கட்டுக்குப் போன் போட்டு இவரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

செப்டம்பர் 19, வியாழன்

அத்தை ஒத்திகைக்கு ஒத்திகை பார்க்கிறாள். கட்டிலில் மல்லாந்து, வாயைத் திறந்து, மூச்சை அடக்கி. நான் பருப்பைக் கடைந்துகொண்டிருந்தபோது, "எப்படி இருக்கு?" என்று கேட்டாள். செத்தவள் பேசக் கூடாது என்றேன். "அதான் கஷ்டம்" என்றாள்.

இரண்டு தெரு மயினிகளிடமும் போய், யார் யார் அழுவீர்கள் என்று விசாரித்திருக்கிறாள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு அந்த முட்டி வலியோடு! வாசப்படி இறங்க மாட்டேன் என்ற பேச்செல்லாம் எங்கே போனது?

செப்டம்பர் 22, ஞாயிறு

சைரன் சோதனை. வடக்குத் தெருப் பேச்சியம்மா வீட்டுக் கோழி அடை முட்டையை விட்டு எழுந்து ஓடிவிட்டது. நஷ்டஈடு கேட்கிறாள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

நாளைக்கு. சட்டையை இஸ்திரி போட்டு வைத்தேன். தொப்பி தலையில் நிற்கவில்லை, கொண்டை இடிக்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தை இரண்டாம் முறை மீன் குழம்பு வாங்கிச் சாப்பிட்டாள். "நாளைக்குச் சாகப் போறவ, சாப்பிட்டுக்கிடுதேன்" என்றாள்.

செப்டம்பர் 25, புதன்

  ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

காலையில் மேடம் வந்தார். ஒல்லி, கண்ணாடி, சிரிப்பே கிடையாது. கையில் அட்டையில் சொருகிய தாள்கள். சைரன் ஊதியது. சனம் வந்தது பாருங்கள்! பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, பவுடர். கைக்குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு. "இவங்கல்லாம் எங்க போறாங்க?" என்று மேடம் கேட்டார். "உயிர் தப்பி ஓடுதாவ மேடம்" என்றேன்.

என் முதல் வேலை வீடு வீடாகப் போய் அட்டை கட்டுவது. மேடமும் கூடவே வந்தார். எங்கள் வீட்டுக்குள் நுழைந்தேன்.

இந்தப் பொம்பளை என்ன செய்து வைத்திருக்கிறாள் தெரியுமா? வெறுமனே படுத்துக் கிடப்பாள் என்று நினைத்தேன். தரையில் பாய் விரித்து, தெற்கே தலை வைத்து, வெள்ளை வேட்டியைக் கழுத்து வரை போர்த்தி, தாடையைச் சுற்றித் துணி கட்டி, நெற்றியில் சந்தனத்தை அப்பி அதில் ஒரு ரூபாய்க் காசை ஒட்டி, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தாள். தலைமாட்டில் விளக்கு வேறு எரிகிறது. அவளாகவே எல்லாம் செய்திருக்கிறாள். பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. வீடு அப்படியே அமைதியாக இருந்தது.

விதிப்படி நான் நாடி பார்த்து, அட்டையைக் கட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். கை ஓடவில்லை. எப்படியோ அட்டையை மாட்டிவிட்டு மணிக்கட்டைப் பிடித்தேன், விடத் தோன்றவில்லை. கடற்கரை ஊர் அல்லவா, எப்போதும் காற்றில் மணல் பறக்கும். கண்ணில் விழுந்துவிட்டது. இரண்டு கண்ணிலும்.

"பிரமசக்தி, போன புயல்ல வராத வீடு இதுதானே?" என்று மேடம் கேட்டார்.

"ஆமா மேடம்."

"அட்டை கறுப்பு. ஆனா ஆள் உள்ள இருக்காங்க. உண்மையில புயல் வந்தாலும் உள்ளதான் இருப்பாங்க. நான் இத வெளியேறின வீடுன்னு எப்படி எழுத முடியும்?"

"மேடம், செத்தவங்க கணக்கு…"

"ஏமாத்த வேண்டாம். கட்டடம் வேம்படித்துறைக்குப் போறதுக்கு இந்த ஒரு வீடு போதும்" என்று சொல்லிவிட்டுத் தாளில் என்னவோ பெருக்கல் குறி மாதிரிப் போட்டார்.  கீழே பார்த்தேன். அத்தை அசையவில்லை. நல்ல நடிகைதான், பாவி.

வெளியே வந்து விசிலை ஊதினேன். இரண்டு தெருவிலிருந்தும் ஸ்ட்ரெச்சர் கிளம்பியது. வடக்கே தவசிமுத்து அண்ணாச்சி, தெற்கே வைகுண்டம் அண்ணாச்சி, இரண்டு பேரும் புது மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து படுத்திருந்தார்கள். ஒரே சீராக வந்தார்கள். ஒரே நேரத்தில் பள்ளிக்கூட வாசலுக்கும் வந்துவிட்டார்கள்.

அப்போதுதான் என் மூளையின் லட்சணம் தெரிந்தது. அந்தக் கேட்டில் ஒரு ஸ்ட்ரெச்சர்தான் நுழையும்!

"நீரு பின்னால வாரும்வே!"

"நான் ஏன் வரணும்? நீரு ஒதுங்கும்!"

உயிர் ஊசலாடுகிற இரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்து கையை நீட்டிச் சண்டை போட்டார்கள். தூக்கி வந்தவர்கள் ஸ்ட்ரெச்சரை இறக்கி வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்கள். பின்னால் பட்டுச்சேலைக் கூட்டம் அப்படியே அடைத்துக்கொண்டு நின்றது. மஞ்சள் அட்டைக்காரன் ஒடிந்த காலோடு மதில் மேல் ஏறி வேடிக்கை பார்த்தான். ஜெபமணி சார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். நான் விசிலை ஊதினேன், ஊதினேன், அதற்குள் எச்சில்தான் போனது. கெட்டது கட்டடம், போச்சு எல்லாம், வேம்படித்துறைக்காரன் பால்பாயாசம் வைத்துக் கொண்டாடுவான் என்று நின்றேன்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"வழி விடுங்கல! சவம் வருது!"

கூட்டம் திரும்பியது. வெள்ளை வேட்டியை மேலே போர்த்திக்கொண்டு, நெற்றியில் காசு, கழுத்தில் கறுப்பு அட்டை, ஒரு பெருவிரலில் கட்டு அவிழ்ந்து இழுபட, கைத்தடியை ஊன்றி என் மாமியார் வருகிறாள்!

இந்த ஊரில் யார் யாருக்கு வேண்டுமானாலும் வழி விடாமல் நிற்பார்கள். ஆனால் துட்டி என்று ஒரு சவம் வந்தால் எந்தத் தெருக்காரனும் ஒதுங்கித்தான் ஆக வேண்டும், அது எல்லாருக்கும் கை கால்களிலேயே ஊறிக் கிடக்கிறது. யோசிக்கக்கூட இல்லை. ஆண்கள் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்கள். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஸ்ட்ரெச்சரில் இருந்த அண்ணாச்சிமார் இருவரும் எழுந்து, கைகட்டி, ஓரமாக நின்றார்கள். அத்தை நடுவே நடந்து கேட்டுக்குள் முதலில் நுழைந்தாள். நுழைந்து திரும்பினாள்.

"இப்போ வாங்கல. துட்டிக்குப் பின்னால வாரதுல முதல் ஆரு, ரெண்டாவது ஆரு?"

 தவசிமுத்து அண்ணாச்சி ஸ்ட்ரெச்சரில் படுக்கவே மறந்து நடந்து வந்துவிட்டார். அவர் முதலில் வந்தாரா, வைகுண்டம் அண்ணாச்சி முதலில் வந்தாரா என்று இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை. மொத்த ஊரும் உள்ளே வந்தபோது நேரம் இன்னும் மிச்சம் இருந்தது.

மேடம் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இறந்தவர் நடந்து வந்தார்னு எழுத இதுல இடமே இல்லையே" என்றார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். அந்த ஒல்லி உடம்பில் அவ்வளவு சிரிப்பு எங்கே இருந்ததோ, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

நான் அத்தையைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். மூச்சு வாங்கியது. பக்கத்தில் குனி என்று கையைக் காட்டினாள். காதில் சொன்னாள்.

"ஏட்டி, இங்கன கக்கூஸ் எங்க இருக்கு?"

மைதானத்துக்கு அந்தப் பக்கம், படி ஏறி. ஓடிப் போய்ப் பார்த்தேன். பூட்டுப் போட்டிருந்தது.

"அதாம்ட்டி" என்றாள். "இந்த முட்டிய வச்சுக்கிட்டு, ஊரு பூரா பாக்க, எவ கையப் புடிச்சு எங்க போவேன்? மூணு நாளு மழைக்குள்ள? அதான் வரல. வெக்கமா இருக்காதா எனக்கு?"

இருபது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். பிடிவாதம், பிடிவாதம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குத் தோன்றவே இல்லையே! அங்கேயே அவளைத் திட்டினேன், சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று. திட்டிக்கொண்டே வீட்டுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தேன். பின்னால் நின்ற மேடம் கேட்டிருக்க வேண்டும், எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 26, வியாழன்

காலையிலிருந்து வாசலில் கூட்டம். செத்துப் பிழைத்தவளைப் பார்க்க வருகிறார்கள். அத்தை கட்டிலில் கொலு வீற்றிருக்கிறாள். "ஒருத்தியும் அழல. பூ வச்சுக்கிட்டுப் போயிட்டாளுவ. என் மருமவ மட்டுந்தான் கையப் புடிச்சுக்கிட்டு அழுதா" என்று எல்லாரிடமும் சொல்கிறாள்.

மணல் என்று எத்தனை தடவை சொல்வது?

அதோடு விட்டாளா? போன புயலில் நான் ஏன் வரவில்லை என்று பேச்சியம்மா கேட்க, ஆடு கட்டியிருந்தது என்று நான் சொல்ல, அத்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். "எந்த ஆடு? அத புயலுக்கு முந்தின புரட்டாசியிலயே வித்தாச்சே." எழுந்து உலை வைக்கப் போய்விட்டேன்.

அக்டோபர் 9, புதன்

கட்டடம் எங்களுக்கு! எங்களுக்கு! ஜெபமணி சார் போன் பண்ணினார். நான் விசிலை எடுத்துக்கொண்டு இரண்டு தெருவிலும் ஓடினேன். ஒத்திகை என்று நினைத்துப் பாதிப் பேர் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். கட்டட வரைபடத்தில் மேடம் சேர்த்திருக்கிறாராம்: படியில்லாத சாய்வு வாசல், உள்ளேயே கழிப்பறை, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி.

பேச்சியம்மாவுக்குக் கோழிக்குஞ்சு வாங்கிக் கொடுத்தேன். சந்தோஷத்தில்தான், நஷ்டஈடு இல்லை.

நவம்பர் 8, வெள்ளி

அடிக்கல் நாட்டினோம். கல்தான் வந்திருக்கிறது, கட்டடம் வர இன்னும் எத்தனை மழையோ. முதல் செங்கலை வைப்பது யார் என்று நேற்றே எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. தவசிமுத்து அண்ணாச்சியும் வைகுண்டம் அண்ணாச்சியும் சேர்ந்தே வீட்டுக்கு வந்தார்கள். சேர்ந்தே! "ஆச்சி வைக்கட்டு. செத்தவளுக்கு எந்தத் தெருவும் கெடையாது" என்றார்கள்.

அத்தை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய்ச் செங்கலை வைத்தாள். பிறகு இன்ஜினியரிடம் கேட்டாள், "கக்கூஸ் எந்தப் பக்கம் வருது தம்பி? கதவு நல்லாச் சாத்தணும், பாத்துக்கிடும்."

நவம்பர் 26, செவ்வாய்

புயல் எச்சரிக்கை. நிஜம். அரிசி, மருந்து, தீப்பெட்டி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டிருந்தேன், சைரன்கூட இன்னும் ஊதவில்லை. வாசலில் விசில் சத்தம். பார்த்தால் அத்தை. என் விசில். கையில் பை, கழுத்தில் அந்தக் கறுப்பு அட்டை. பள்ளிக்கூடக் கழிப்பறைச் சாவியை ஹெட்மாஸ்டரிடம் நேற்றே வாங்கி இடுப்பில் சொருகியிருக்கிறாள்.

"அட்டை எதுக்கு அத்தை?"

"வழி விடுவாவல்ல? வாட்டி. நீ வராம நான் வாசப்படி இறங்க மாட்டேன்."

நவம்பர் 29, வெள்ளி

புயல் போய்விட்டது. வீட்டின் மேற்குப் பக்க ஓடு முழுக்கப் போய்விட்டது. அவள் கட்டில் கிடந்த இடத்தில் உத்திரம் விழுந்து கிடக்கிறது.

சரி, மணல் இல்லை. அழுதேன்.